செம்புக் கம்பித் தையல்



"ஆறு மாசம் அமெரிக்காவுல என்ன சார் பண்ணினீங்க?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். மகனோடு சேர்ந்து ஒரு படகு கட்டினேன். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் மேரிலாந்து போனபோது அவனுக்கு வேலை போய் மூன்று மாதம். கேட்டால், "பார்த்துட்டிருக்கேன்ப்பா" என்பான். அதோடு பேச்சு நின்றுவிடும். கார் ஷெட்டில் இரண்டு வருடமாகப் பிரிக்காத ஒரு பெட்டி கிடந்தது. கயாக் என்ற துடுப்புப் படகை வீட்டிலேயே கட்டுவதற்கான சாமான்கள். "பிரிச்சுத்தான் பார்ப்போமே" என்றேன்.

உள்ளே அளவாக வெட்டிய 4 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகைகள். பலகைகளின் ஓரத் துளைகளில் செம்புக் கம்பியைக் கோத்து, ஒன்றோடொன்று தைக்க வேண்டும். கம்பியை முறுக்க முறுக்க, தட்டையாகக் கிடந்தவை வளைந்து படகாக எழுந்தன. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்களைக் கரைசேர்த்த மசூலா படகுகளும் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்தவைதான் என்றேன். "நிஜமாவாப்பா?" என்று நிமிர்ந்தான். அன்றுதான் அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

அடுத்தது எபாக்சி பசை. எங்களுக்கு வந்ததில் இரண்டு பங்கு பிசினுக்கு ஒரு பங்கு கெட்டியாக்கும் திரவம். குளிர் இருந்தால் இறுக நேரமாகும், காத்திருக்கத்தான் வேண்டும். மூட்டுகள் இறுகியதும் கம்பிகளை வெட்டியெடுத்து, கண்ணாடியிழைத் துணி ஒட்டி, மறுபடி பசை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நாள்கணக்கில் தேய்த்தோம்.

தேய்க்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அப்போதுதான் பேசினான். இரவில் தூக்கம் வராதது, வீட்டுக் கடன், என்னிடம் சொல்லக் கூசியது, எல்லாம். நான் தேய்த்துக்கொண்டே கேட்டேன். வகுப்பில் பேசியே காலம் கழித்தவனுக்கு அது லேசான காரியமில்லை.

ஜூலையில் 17 அடிப் படகை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிப்போய் ஆற்றில் இறக்கினோம். சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. வேலை செப்டம்பரில்தான் கிடைத்தது. ஆனால் அவன் காலையில் நேரத்தோடு எழ ஆரம்பித்தது படகு வேலை நடக்கும்போதே.

உங்கள் வீட்டிலும் வேலை இழந்து யாராவது இருக்கலாம். "என்ன ஆச்சு?" என்று தினமும் கேட்காதீர்கள். பரணைச் சுத்தம் செய்யுங்கள், பழைய சைக்கிளைக் கழற்றி மாட்டுங்கள். பக்கத்தில் இருந்து ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். அவர்களே பேசுவார்கள்.