குட்டி வீட்டு வியாபாரமும் எங்கள் வெட்கமும்

 

“மட்டையில செய்யிற குட்டி வீட்டுக்கு ஏன் இவ்வளவு காசு?” என்று போன கிழமை மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதுவது நல்லது என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் ராத்தாவும் தங்கச்சியும். மூத்தவர் பாடசாலை ஆசிரியை. இளையவர் வீட்டிலிருந்து தைக்கிறவர். வியாபாரம் இளையவருடையது. மூத்தவர் பாடசாலை விட்டு வந்து, கொப்பிகளைத் திருத்தி முடித்த பிறகு கைகொடுப்பவர்.

1990 ஒக்டோபர் 30 உங்களுக்குத் தெரியாத நாளல்ல. இரண்டு மணித்தியால அவகாசத்தில் சோனகத் தெரு வெறிச்சோடியபோது மூத்தவர் கைக்குழந்தை. இளையவர் புத்தளத்தில் பிறந்தவர். ஆகவே எங்கள் இருவருக்கும் முதலில் தெரிந்த வீடு கிடுகு வீடுதான். யாழ்ப்பாணத்து வீட்டை உம்மும்மாவின் வாயால்தான் பார்த்தோம். மின்சாரம் இல்லாத இரவுகளில் அவர் ஒழுங்கையிலிருந்து தொடங்குவார். படலை, திண்ணை, விறாந்தை, முற்றம், கிணற்றடி, கொய்யா மரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். காலையில் நாங்கள் நெருப்புப்பெட்டிகளை அடுக்கி அந்த வீட்டைக் கட்டுவோம். பிழையாக வைத்தால், “கிணறு அந்தப் பக்கமில்ல மகள்” என்று திருத்துவார். இந்த ஆசை அங்கே பிடித்தது.

ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் சாதனமாக ஒரு மாதிரி வீடு செய்யவேண்டி வந்தது. மூத்தவர் பெருமையோடு கொண்டுபோய் வைத்தார். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, “வீடு வடிவு. ஆனா இந்தக் கதவால ஆர் உள்ள போறது? பூனையா?” என்றார். அளவுத்திட்டம் என்பது அன்றுதான் விளங்கியது. வெளிநாடுகளில் பொம்மை வீடு செய்பவர்கள் பெரும்பாலும் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று எடுப்பார்கள். அந்தக் கணக்கில் 40 அடி நீள வீடு 40 அங்குலம் வரும். மேசையே போதாது. நாங்கள் அடிக்குக் கால் அங்குலம் எடுக்கிறோம். அதே வீடு 10 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அலுமாரித் தட்டில் வைக்கலாம்.

சண்டை முடிந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கூரையில்லாத இரண்டு சுவரும் கிணறும் நின்றன. பின்னர் சுவர்களையும் இடித்துவிட்டுத்தான் இப்போதைய வீட்டைக் கட்டினோம். இடிப்பதற்கு முதல் அடிமட்டம் பிடித்து அளந்து வைத்தோம். அந்த அளவிலும் உம்மும்மாவின் சொல்லிலும் செய்ததுதான் எங்கள் முதல் சரியான வீடு. வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். “எங்களுக்கும் ஒண்டு செஞ்சு தாங்களேன்” என்றார்கள்.

முதல் வீட்டை 2,500 ரூபாவுக்குக் கொடுத்தோம். மட்டை, பசை, வர்ணம், பலகைத் துண்டு, கண்ணாடி எல்லாம் சேர்த்து 1,900 போயிருந்தது. வேலை 45 மணித்தியாலம். மிச்சம் 600. அதை 45ஆல் பிரித்தால் மணிக்கு 13 ரூபா சொச்சம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இலாப நட்டம் படிப்பிக்கிற வீட்டில் நடந்த வியாபாரம் இது!

கணக்குத் தெரியாமல் அப்படிக் கொடுக்கவில்லை. வெட்கம். “டீச்சர் காசுக்கு விளையாட்டு வீடு செய்யிறாவாம்” என்று சொல்வார்களோ என்ற வெட்கம் ஒன்று. பெரியது மற்றையது. கேட்டு வந்தவர்கள் எல்லோரும் வீட்டை இழந்தவர்கள். இழந்த வீட்டை மட்டையில் செய்து அவர்களிடமே காசு வாங்குவதா? இதை நினைத்தால் எங்களுக்கு இரவில் நித்திரை வராது.

அந்த வெட்கத்தை உடைத்தவர் புத்தளத்திலிருந்து வந்த ஒரு மாமா. எழுபதைத் தாண்டியவர். ஒரு படம்கூடக் கையில் இல்லை. “உங்களிட்டக் காசு வேண்டாம் மாமா” என்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “முப்பது வருஷமா நிவாரணம் வாங்கின கை மகள் இது. இதையாவது காசு குடுத்து வாங்க விடுங்களேன்” என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

படமில்லாமல் வீடு செய்வது எப்படி? வழி ஏற்கெனவே இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 பேர் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு அதைக் கட்டடக் கலைஞரின் வரைபடமாகவும் போட்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். பென்சிலையும் தாளையும் மாமாவிடம் கொடுத்து, “நீங்களே கீறுங்க” என்றோம்.

அவர் முன்பக்கத்தை நன்றாகக் கீறினார். விறாந்தை, தூண்கள், கடைச் சாமான் வைத்த அறை எல்லாம் வந்தன. குசினியில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மாமி பென்சிலை வாங்கினார். குசினிக்குப் பின்னால் மதிலில் ஒரு சின்னக் கதவு கீறினார். சாச்சி வீட்டுக்குப் போகிற கதவு. தெருவுக்கு வராமல் கறிச்சட்டி கைமாறுகிற கதவு. மாமாவுக்கு அப்படியொரு கதவு இருந்ததே நினைவில்லை. மாமிக்கோ விறாந்தையில் எத்தனை தூண் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வீடு முழுசானது. அன்றிலிருந்து ஒரு வீட்டுக்கு ஆணிடமும் பெண்ணிடமும் தனித்தனியாகக் கேட்பது எங்கள் வழக்கம்.

இப்போது விலைக்கு வருவோம். அந்த முதல் வீட்டின் கணக்கையே திருத்திப் போட்டிருக்கிறோம். சாமான் 1,900. வேலை 45 மணித்தியாலம், மணிக்கு 250 வீதம் 11,250. இளையவர் அந்த நேரத்தில் தைத்திருந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு உழைத்திருப்பார். பெட்டிக்கும் உடையாமல் அனுப்புவதற்கும் 850. மொத்தம் 14,000. பீலி ஓட்டுக் கூரை என்றால் கூடும். ஒவ்வொரு வரியையும் ஈர்க்கில் சுற்றி வளைத்து ஒட்டவேண்டும். கூரைக்கு மட்டும் நாலு பின்னேரம் போய்விடும்.

“அச்சில வார்த்தா மலிவாச் செய்யலாமே?” என்றும் கேட்கிறார்கள். உண்மைதான். இங்கிலாந்தில் டேவிட் டேற் என்பவர் 1982இல் ‘லிலிபுட் லேன்’ என்று குட்டி வீட்டு வியாபாரம் தொடங்கினார். ஒரு வீட்டைக் கையால் செதுக்கி, அதற்கு அச்செடுத்து, வார்த்தவற்றுக்குக் கையால் வர்ணம் பூசி விற்றார்கள். உலகம் முழுக்கச் சேர்ப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் எங்களிடம் வருகிறவர் வடிவான ஒரு வீட்டைக் கேட்டு வருவதில்லை. தன்னுடைய வீட்டைக் கேட்டு வருகிறார். மாமியின் மதில் கதவுக்கு அச்செடுத்து யாருக்கு விற்பது?

ஆகவே இரண்டு விதமாகப் பிரித்திருக்கிறோம். எல்லோருக்கும் பொதுவான திண்ணை வீடு ஒன்று இருக்கிறது. ஒரே வெட்டுப்படி வைத்து ஐந்தைந்தாகச் செய்வதால் நேரம் பாதி, விலையும் குறைவு. அன்பளிப்புக்கு வாங்குகிறார்கள். மற்றது சொல்லிச் செய்விக்கும் வீடு. அதில் மாதம் இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. முற்பணம் சாமான் செலவுக்கு மட்டும். தரைப்படம் கீறிக் கொடுப்பதற்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை. வீடு செய்விக்க வசதியில்லாதவரும் அந்தத் தாளைக் கொண்டுபோகலாம். எங்கள் வெட்கத்துக்கு நாங்கள் கண்ட மருந்து அதுதான்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். முதலில் ‘சின்ன வீடு செய்து தரப்படும்’ என்று மட்டையில் எழ்தி வாசலில் தொங்கவிட்டோம். தெருவில் போன மாமாமார் சிரித்த சிரிப்பில் அன்றைக்கே கழற்றி ‘குட்டி வீடு’ என்று மாற்றினோம்.

மாமாவின் வீட்டைப் புத்தளத்துக்கு பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோனோம். போய்ச் சேர்ந்தபோது ஒரு தூண் சரிந்திருந்தது. அங்கேயே ஒட்டினோம். மாமி ஒன்றும் பேசவில்லை. விரல் நுனியால் அந்தச் சின்னக் கதவைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். மாமா காசை எண்ணி இளையவர் கையில் வைத்தார். நாங்களும் எண்ணித்தான் வாங்கினோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். எங்களிடம் செய்விக்கவேண்டும் என்றில்லை. கீறி வாங்கி வையுங்கள். எங்கள் உம்மும்மாவிடம் நாங்கள் வாங்கி வைக்கவில்லை. அவர் மௌத்தான பிறகு, கொய்யா மரம் கிணற்றுக்கு எந்தப் பக்கம் நின்றது என்று எங்கள் இருவருக்கும் இன்னும் வாக்குவாதம்தான்.

எங்கள் தொழிலில் பரக்கத் கிடைக்கத் துஆச் செய்யுங்கள்.