மிதியடியில் ஈரம்

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

அம்மா கூப்பிட்ட குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மறுபடியும் குளியலறை வாசல் மிதியடி. எங்கள் நாய் செவலை இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கெங்கே சிறுநீர் போயிருக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். மிதியடி, கோரைப்பாய், துவைக்கப் போட்ட வேட்டி. வெறும் டைல்ஸ் தரையில் போனதே இல்லை.

தெருவில் வளர்ந்தவள். இரண்டு வயது இருக்கும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு. அவள் பாதத்துக்குத் தெரிந்த கழிப்பிடம் மண். கால் வைத்தால் மெத்தென்று இருக்கும், விட்டதை உறிஞ்சிக்கொள்ளும், மேலே தெறிக்காது. மாம்பலத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்குள் அந்தக் குணம் எதற்கு இருக்கிறது? மிதியடிக்குத்தான். பாதத்துக்கடியில் எது இருந்தால் போகலாம் என்பதை நாய்கள் குட்டியாக இருக்கும்போதே, இரண்டு மாதம் சுமாரிலேயே, பழகிக்கொள்கின்றன. அந்த வயதில் செவலை தெருவில் பூவரச மரத்தடியில் இருந்தாள்.

“அவ மூஞ்சியப் பாருடி. பண்ணது தப்புன்னு அவளுக்கே தெரியுது” என்றாள் அம்மா.

காதை மடித்து, வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒண்டியிருந்தாள் செவலை. அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாததைத் தின்ற நாயும் தின்னாத நாயும், எஜமானர் திட்டியபோது ஒரே மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டன. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது நம் குரலைக் கேட்ட பயம். அம்மாவிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. ஆனால் மிதியடியை எடுத்து ஊறவைத்தபோது செவலையைத் திட்டவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. நாளைக்கு ரெட் அலர்ட். தெருவில் தண்ணீர் நிற்கிறது. கடைசிப் படிவரை இறங்கிய செவலை, தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பி மேலே ஓடினாள். இழுத்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை. எலி மூத்திரம் கலந்த வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

மண்ணை மாடிக்குக் கொண்டுவருவதுதான் வழி என்று முடிவு செய்தேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நனையாத இடம் இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் மிச்சமிருந்த செங்கற்களைத் தூக்கிவந்து பாத்தி மாதிரி அடுக்கிக் கொடுத்தார். “அந்தப் பூவரச மரத்தடி மண்ணாப் போடும்மா, அவளுக்கு அந்த வாசனை தெரியும்” என்றவரும் அவர்தான். இரண்டு சாக்கு அள்ளினோம். ஈரமான மிதியடியில் ஒற்றியெடுத்த துணியை நடுவில் போட்டேன். செவலை வந்தாள், முகர்ந்தாள், சுற்றினாள், மறுபடி முகர்ந்தாள். பிறகு பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தாள். முடித்த கையோடு ஒரு துண்டு அவித்த ஈரலைக் கொடுத்தேன். உடனே கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்காகக் கிடைத்ததென்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

அக்டோபர் 19, சனி

பாத்தி பழகியும் வீட்டுக்குள் ஈரம் நிற்கவில்லை. நேற்று சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே சோபா பக்கத்தில் கால் மடக்கினாள். உள்ளங்கை அகலம்கூட இல்லை. மறுபடி எழுந்து வேறு இடத்தில் சில சொட்டு. இது பழக்கம் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை.

விடியற்காலை முதல் சிறுநீரைப் பழைய குழம்புக் கரண்டியில் பிடித்து, சுத்தமான புட்டியில் ஊற்றிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வளாகம் அது. வரிசையில் ஆடு, பூனை, கழுத்தில் கட்டுப்போட்ட ஒரு கிழ லாப்ரடார். டாக்டரம்மா முதலில் கேட்டது ஈரத்தின் அளவையும் இடத்தையும்தான். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். படுத்து எழுந்த இடம் நனைந்திருந்தால் தூக்கத்தில் தானாகக் கசிகிறது. கருத்தடை செய்த பெட்டை நாய்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து மூத்திரப்பையின் வாய்த்தசை தளர்வதால் இப்படி ஆவதுண்டு, அதற்கு மருந்து இருக்கிறது. தண்ணீரை நிறையக் குடித்து நிறையப் போனால் சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும். பாசத்தில் குழைந்து பணியும்போது சொட்டுவிடுகிற நாய்களும் உண்டு, அவற்றைத் திட்டத் திட்ட அது கூடும்.

செவலைக்குத் தொற்று. மாத்திரை எழுதிக்கொடுத்தார். “நல்லாயிட்டான்னு நடுவுல நிறுத்திடாதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார். வலியோடு கால் மடக்கிய ஒரு ஜீவனைத் திமிர் பிடித்தது என்று சொல்லி அடிக்கிற வீடுகள் எத்தனை இருக்கும்? வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

அக்டோபர் 23, புதன்

துடைப்பதைப் பற்றி. ஃபினாயில் போட்டால் நம் மூக்குக்கு வாசம் போய்விடும். நாய் மூக்குக்குப் போகாது. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. ஈரப்பதம் ஏறும்போதெல்லாம் மறுபடி வாடை கிளம்பும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கிற என்சைம் திரவம் வாங்கிவந்தேன். முதலில் துணியால் அழுத்தி ஒற்றியெடுத்துவிட்டு, இதை ஊற்றி அப்படியே ஊறவிட வேண்டும். உடனே துடைத்தால் என்சைமுக்கு வேலை செய்ய நேரமிருக்காது. ப்ளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் தொண்டையை அரிக்கும் வாயு வரும். கோரைப்பாயைத் தூக்கிப் போட்டுவிட்டோம். மிதியடிகளைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தாள் அம்மா.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

பட்டாசுக்கு அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. வெடி அந்த மணிக்கணக்குக்குள் அடங்கவில்லை. இருட்டுவதற்கு முன்பே பாத்திக்குக் கூட்டிப்போய்விட்டேன். பிறகு ஜன்னலெல்லாம் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, கட்டிலுக்கடியில் பழைய போர்வையை விரித்தேன். ஒன்பதரை மணிக்கு எதிர்வீட்டு வாசலில் சரவெடி. படுத்த இடத்திலேயே நனைத்துவிட்டாள். உடம்பு முழுக்க நடுக்கம். அம்மாதான் கட்டிலுக்கடியில் கைவிட்டுப் போர்வையை உருவினாள். “ஒண்ணுமில்லடி கண்ணு, ஒண்ணுமில்ல.”

இதையும் “வீட்டில் போய்விட்டாள்” என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. நடுங்குகிற நாய்க்குப் பயிற்சி கொடுக்க முடியாது; பக்கத்தில் இருக்கத்தான் முடியும்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து காற்று. தொட்டிக்கடியில் பாத்தியின் ஓரம் நனைந்தாலும் நடுமண் காய்ந்தே இருந்தது. போய்விட்டு அவளாகவே படியிறங்கினாள். மாத்திரை முடிந்து மறுபடி சோதித்ததில் தொற்று இல்லை.

மதியம் இரண்டாவது மாடி அக்கா வந்தார். இரண்டு மாதக் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம், ஹாலெல்லாம் ஈரம், மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கச் சொல்லி யாரோ சொன்னார்களாம். “வேண்டாங்க்கா. அப்படிப் பண்ணா நீங்க இருக்கும்போது போகக் கூடாதுன்னுதான் அது கத்துக்கும். அப்புறம் சோபாவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சு போகும்” என்றேன். அந்த வயதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதனால் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ராத்திரியும் எழுந்திருக்க வேண்டும். பார்வோ தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். செவலையின் பாத்தியைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அது தெரு மரத்தடியில் அள்ளியது; மற்ற நாய்கள் போகிற மண், தடுப்பூசி முடியாத குட்டிக்கு ஆகாது. தொட்டியின் அந்தப் பக்கம் தனியாக ஒன்று கட்ட வேண்டும். மழை விட்டதும் செங்கல் கொண்டுவருவதாக வாட்ச்மேன் அண்ணன் சொல்லியிருக்கிறார். மண்ணை மட்டும் இந்தத் தடவை நர்சரியில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.