தூண்கள் சென்ற வழி

செஞ்சியில் புறப்பட்டுத் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக் கடற்கரையில் முடியும் சாலை எங்கள் ஊரின் செல்வங்கள் பலவற்றைச் சமுத்திரக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அவற்றுள் திரும்பி வருபவர் சிங்கவரம் அரங்கநாதர் ஒருவரே.

ஆண்டுதோறும் மாசி மகத்திற்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி கொள்ள உற்சவர் எழுந்தருளும்போது, என் பால்யத்தில், ஊர் எல்லைவரை புளியமரங்களின் கீழே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஜனங்கள் தேங்காயும் கற்பூரமுமாகக் காத்து நிற்பார்கள். "பெருமாள் கடலாடப் போறார்டா, கையெடுத்துக் கும்பிடு" என்று பாட்டி என் தலையைப் பிடித்துக் குனிய வைப்பாள். கடலையே பார்த்திராத அவள், அதே கடலுக்குப் போகும் மயிலம் முருகன் முந்திப் போய்விடுவானோ என்று பட்டரிடம் கவலையோடு விசாரிப்பாள். பெருமாள் ஊர் திரும்பும்வரை எங்கள் வீட்டில் சமுத்திரத்தைத் தவிர வேறு பேச்சே இராது. அந்தப் புளியமரங்களைச் சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டினார்கள். இப்போது சுவாமி வெட்டவெளியில் போகிறார்.

வழியில் தீவனூரில் பொய்யாமொழி விநாயகர். அவரும் மாசி மகத்திற்குக் கடலுக்குப் போகிறவர்தாம். திண்டிவனத்தில் பஸ் மாறலாம். கிளியனூர் தாண்டினால் காற்றில் உப்பு வாடை.

புதுச்சேரியில் காந்தி சிலையைச் சூழ்ந்து கம்பீரமாக நிற்கும் கருங்கல் தூண்கள், ராஜகிரி அடிவாரத்து வேங்கடரமணர் கோயில் உள்ள எங்கள் செஞ்சிக் கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்றவை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் சேனை ஒரே இரவில் பிடித்த கோட்டை 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவ்வாண்டிலேயே அவர்கள் தரைமட்டமாக்கிய புதுச்சேரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் காலமான நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, கீழே மரத்தூண்கள் தாங்கும் தமிழ் முற்றமும் மேலே பிரெஞ்சு பாணிச் சுதைத் தூண்களுமாக, இன்றும் நிற்கிறது. அந்த அதிர்ஷ்டம் எல்லா வீடுகளுக்கும் வாய்க்கவில்லை. கடலோர வெள்ளையர் வீதிகளுக்கு மஞ்சள் வர்ணம் பூசிக் காட்சிக்கு வைப்பவர்கள், தமிழர் வீதிகளின் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாவதைக் கண்டும் காணாதிருக்கிறார்கள். கடற்கரையில் இருந்த நகர மண்டபமான மேரி கட்டடமே 2014ஆம் ஆண்டு மழையில் சரிந்து, பிறகு புதிதாக எழுப்பப்பட்டதென்றால், திண்ணை வீட்டுக்காக யார் பரிந்து பேசுவார்?

தூண்களைத் திருப்பித் தரும்படி நான் வழக்காடவில்லை. அவை மகாத்மாவுக்குக் காவல் நிற்பதில் எனக்குப் பெருமையே. 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டைக்கு இனி யாத்திரிகர் பெருகவும் கூடும். ஆயினும் அத்தூண்களில் சாய்ந்து படமெடுத்துக்கொள்ளும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம்: மறுநாள் காலையில் பஸ் ஏறிச் செஞ்சிக்கு வாருங்கள், தூண்களை இழந்த இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.