ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பென்குயின்!

அண்ணா சாலையில் இருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் காலை வைத்தால், முதல் பத்தடியிலேயே மூணு பேர் மறிப்பார்கள். ''என்ன பாஸ் வேணும்... லேப்டாப்பா, சார்ஜரா, கேமராவா?'' போன சனிக்கிழமை என் பதிலைக் கேட்டு மூணு பேருமே ஒதுங்கி வழிவிட்டார்கள். ''லினக்ஸ்ல ஓடுற பிரின்டர்ண்ணா!''

சிரிக்காதீங்க. இதுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கு.

என் லேப்டாப், அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். டெபியன் லினக்ஸ் போட்ட பிறகுதான் அதுக்கு மறுஜென்மம். அந்த ஜோரில் ஹாஸ்டல் ரூம்மேட்ஸ் மூணு பேரையும் லினக்ஸுக்கு மாற்றினேன். போன செமஸ்டரில் காசு போட்டு ஒரு குட்டி லேசர் பிரின்டரும் வாங்கினோம். ''எல்லாத்துலயும் ஓடும் தம்பி'' என்றார் கடைக்காரர். நம்பினேன். மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, ரூம்மேட்டின் ரிப்போர்ட்டில் பாதிப் பக்கம் வெள்ளையாக வந்தது. மீதி வரவே இல்லை. ஜெராக்ஸ் கடை திறப்பதற்குள் ரிவ்யூ ஆரம்பித்துவிட்டது. மார்க் போனது அவனுக்கு. மூணு நாள் என்னோடு பேசவில்லை.

தப்பு எங்கே? மலிவு பிரின்டர்கள் பலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தை வரைகிற வேலை முழுக்க கம்ப்யூட்டரோடது. அதுக்குக் கம்பெனி தரும் டிரைவர் வேண்டும். அது விண்டோஸுக்கு மட்டும் இருந்தால், நம்ம கதை கந்தல். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் மாதிரி பொது மொழி தெரிந்த பிரின்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸில் அச்சு வேலையைப் பார்க்கும் 'கப்ஸ்' சாஃப்ட்வேர், 1999-ல் வெளிவந்தது. அதுக்கு இந்த மொழிகள் அத்துப்படி.

இந்தத் தடவை வாய்வார்த்தையை நம்பத் தயாராக இல்லை. பையில் லேப்டாப், யுஎஸ்பி கேபிள், ரூம்மேட்டின் அதே ரிப்போர்ட்!

ஒரு காலத்தில் ரேடியோ, டிவி உதிரி பாகங்கள் விற்ற தெரு இது. இன்னமும் ஒரு கடையில் ரெசிஸ்டரை எண்ணிக் கொடுக்கிறார்கள், அடுத்த கடையில் கிராபிக்ஸ் கார்டு. தலைக்கு மேல் ஒயர் பந்தல், காலுக்கடியில் அட்டைப்பெட்டி, நடுவில் ஹாரன் அடிக்கும் பைக். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கடையில் புத்தம்புது இங்க் டேங்க் பிரின்டர் காட்டினார்கள். பெட்டியில் 'ஏர்பிரின்ட்' என்று இருந்தது. 2010-ல் ஐபோனுக்காக வந்த வசதி. போனிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சடிக்கும் அதே வழியில் இன்றைய லினக்ஸும் பெரும்பாலும் அச்சடித்துவிடும். புதுசு வாங்குகிறவர்கள் அந்த வார்த்தையைத் தேடுங்கள். எங்கள் கவலை வேறு. செமஸ்டர் லீவில் ஒரு மாதம் சும்மா கிடந்தால் இங்க் காயலாம். லேசரில் இருப்பது டோனர் பவுடர், காயாது.

இரண்டாவது கடையில், ''டெஸ்ட்டெல்லாம் வாங்கின பிறகுதான்'' என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

மூணாவது, மாடிப்படிக்கு அடியில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடை. ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய பிரின்டர்கள் கூரை வரைக்கும். ''லினக்ஸா? எனக்குத் தெரியாது தம்பி. நீயே மாட்டிப் பாத்துக்கோ'' என்று பிளக் பாயின்ட்டைக் காட்டினார் கடைக்கார அண்ணன். 'தெரியாது' என்ற வார்த்தை அவ்வளவு நிம்மதியாக இருந்தது அன்றைக்குத்தான்!

ஹெச்பி லேசர்ஜெட் பி2055டிஎன். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் ரெண்டும் புரியும், ரெண்டு பக்கமும் தானே அச்சடிக்கும். 05ஏ டோனர் ஒன்றுக்கு சுமார் 2,300 பக்கம் என்பது கம்பெனி கணக்கு. முதலில் பிரின்டரின் சொந்த விவரப் பக்கத்தை எடுத்து, இதுவரை எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். பழைய பிரின்டருக்கு அதுதான் ஜாதகம். அப்புறம் கேபிளை மாட்டினேன். லேப்டாப்பில் பெயர் வந்தது. தமிழ் அட்டைப் பக்கம், சர்க்யூட் படம், கிராஃப்... மூணும் சூடாக வெளியே வந்தன. பேரம் முடிந்து 7,500 ரூபாய்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஏறிய வேளச்சேரி ரயிலில், மடியில் பாறாங்கல் மாதிரி பிரின்டர். ரிச்சர்ட் ஸ்டால்மன் ஞாபகம் வந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி லேபில் ஜெராக்ஸ் பிரின்டர் ஒன்று அடிக்கடி மக்கர் செய்ய, சரிசெய்ய சோர்ஸ் கோட் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983-ல் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். இன்று என் லேப்டாப்பில் ஓடுவதில் பாதி அதன் வாரிசு. ஆக, எல்லாம் ஆரம்பித்ததே ஒரு பிரின்டர் சண்டையில்தான்!

ராத்திரி ஹாஸ்டலில், ரூம்மேட் ஒண்ணும் பேசாமல் தன் லேப்டாப்பை மாட்டினான். பிரின்ட் கொடுத்தான். நாங்கள் மூணு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாற்பது பக்கமும் வந்து முடிந்ததும், கடைசிப் பக்கத்தை என் கையில் கொடுத்தான்.

''நன்றியுரைல உன் பேர விட்டுட்டேன் மச்சான். பேனால எழுதிக்கோ!''