கணினியின் தொடக்க அமைப்பு: சில அநுபவங்கள்

ஆளியை அழுத்தியவுடன் கணினி தானே விழித்தெழுந்து நாம் பணித்த கருமங்களைச் செய்யத் தொடங்குகின்றது என்றே பெரும்பாலார் கருதுவர். உண்மை அதுவன்று. விண்டோஸ் முதலாய பணிசெயல் முறைமைகள் எழுவதற்கு முன்னரே, தாய்ப்பலகையிற் பதிந்து கிடக்கும் சிறு மென்பொருளொன்று எழுந்து, நினைவகம் உளதா, விசைப்பலகை உளதா, வன்தட்டு எங்குளது என ஒவ்வொன்றாய்க் கணக்கெடுத்து, அதன் பின்னரே பெரியதனிடம் பொறுப்பைக் கையளிக்கின்றது. விடியுமுன் வந்து வகுப்பறைக் கதவுகளையெல்லாந் திறந்துவைத்துவிட்டு, அதிபர் வரும்போது கண்ணிற் படாது ஒதுங்கிவிடுங் கல்லூரிக் காவலாளனை ஒத்தது அதன் தொழில். பயோஸ் என்பது அதற்குப் பழைய பெயர். அக்காவலாளனுக்கு நாம் கட்டளை கூறும் இடமே தொடக்க அமைப்பு என்னும் பக்கமாகும். கணினி எழும் முதற் சில விநாடிகளுள் டிலீற் விசையையோ எவ் 2 விசையையோ, சில கணினிகளில் எவ் 10 விசையையோ அழுத்தினாலன்றி அப்பக்கம் தோன்றாது. நல்ல நேரம் தப்பியபின் எத்துணை அழுத்தினும் பயனில்லை.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாட் கணினியில் இத்தகைய பக்கம் இருந்ததில்லை. பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையிலுள்ள நுண்ணிய ஆளிகளைப் பேனா முனையால் மேலுங் கீழுந் தள்ளியே நினைவகத்தின் அளவு முதலியவற்றைத் தெரிவித்தல் வேண்டும். 1984இல் வந்த ஏ.ரி. என்னும் வகையிலேதான், 64 பைற்று மாத்திரங் கொள்ளும் சில்லொன்றில் இவ்விபரங்களை எழுதிவைக்கும் வழக்கந் தோன்றியது. அதில் 14 பைற்று மணிக்கூட்டுக்குரியது. எஞ்சிய 50 பைற்றுக்குள் ஏனைய யாவும் அடங்கின. ஒரு திருக்குறளை இன்றைய முறையிற் பதிந்துவைக்கவும் அவ்விடம் போதாது! ஆனால் அமைப்பை மாற்றும் மென்பொருளோ தனியானதொரு நெகிழ்தட்டில் இருந்தது. தட்டைத் தொலைத்தவன் பாடு திண்டாட்டமே. பின்னரே அம்மென்பொருள் தாய்ப்பலகைக்குட் குடிபுகுந்தது. அக்காலத்தில் வன்தட்டொன்றைப் பூட்டினால் அதன் உருளைகள் எத்தனை, தலைகள் எத்தனை, துண்டங்கள் எத்தனை என நாமே எழுதிக்கொடுத்தல் வேண்டும். இன்று கணினி தானே கேட்டறிந்துகொள்கின்றது.

அச்சில்லின் மணிக்கூட்டை ஓடவைப்பது, செக்கனுக்கு 32,768 முறை அதிரும் ஒரு பளிங்கு. அவ்வெண்ணைப் பதினைந்து முறை இரண்டாற் பிரித்தால் ஒன்று வரும். அதுவே ஒரு செக்கன். கணிதம் கற்பித்து ஓய்ந்த எனக்கு இக்கணக்கில் தனியானதொரு மகிழ்ச்சி உண்டு. மின்சாரம் இல்லாதபோது அம்மணிக்கூட்டைத் தாங்குவது சி.ஆர். 2032 எனப்படும் மின்கலம். விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர், மின்னழுத்தம் 3 வோற்று. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு மின்கலம் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டிருந்த நாள்களில், மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையினராகிய எமக்கு, இச்சிறு வட்டத்தை அலட்சியமாக நோக்க இயலாது.

கணினி சுவர் மின்னோடு இணைந்திருக்கும்வரை இம்மின்கலத்துக்குச் செலவு மிகக் குறைவு. விடுமுறைதோறுஞ் சுவராளியை அணைத்துவிடும் பாடசாலைகளிலே அது விரைவில் மெலியும். மெலிந்தால் நாட்கணக்குப் பின்னோக்கிப் பாயும். 2022இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரந் தடைப்பட்ட காலத்தில் எமது கல்லூரிக் கணினிக் கூடத்திலே இதுவே நிகழ்ந்தது. உயர்தர வகுப்பு மாணவனொருவன் விண்ணப்பமொன்றை இணையத்திலே நிரப்ப முயன்றபோது, பாதுகாப்பான தளங்கள் யாவும் அவனை மறுத்தன. இணைப்புப் பழுது எனக் கூறி, புதிய கம்பிகள் இடுதற்கு மதிப்பீடும் ஒருவர் தந்துவிட்டார். கம்பியிற் குற்றமில்லை. கணினி தன்னைப் பல ஆண்டுகள் முந்திய நாளில் இருப்பதாக எண்ணிக்கொண்டமையால், தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறவாதனவாக அதற்குத் தோன்றின. மின்கலத்தை மாற்றி, தொடக்க அமைப்பில் நாளையும் நேரத்தையுஞ் சீர்செய்தோம். அன்று மாலையே விண்ணப்பம் சென்றது.

நேரத்தைப் பற்றி இன்னுமொன்று. விண்டோஸ் அம்மணிக்கூட்டை உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரமாகக் கொள்ளும். இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்போர் சரியாக ஐந்தரை மணி வேறுபாடு கண்டு திகைப்பதன் காரணம் இதுவே. 1996 மே மாதத்தில் ஒரு மணி முன்னே தள்ளி, அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணி பின்னே இழுத்து, 2006 ஏப்பிரலில் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட எம் நாட்டு மணிக்கூடுகளைக் கண்ட எமக்கு இது பெரிய அதிசயமன்று.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகின்றேன். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் தத்தம் அலுவலகங்களில் மாற்றப்பட்ட கணினிகளைச் சேர்த்துக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தனர். மொத்தம் பதினெட்டு. விண்டோஸ் 10இற்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு முடிவடையும் என்ற அறிவித்தல் வந்தபோது, பார்வையிட அழைக்கப்பட்ட ஒருவர் பதினெட்டையும் விண்டோஸ் 11இற்குப் பொருந்தாதன என எழுதிக் கழித்துவிடும்படி பரிந்துரைத்தார். கணினித் திரையும் அவ்வாறே கூறியது என்பது மெய். ஆனால் ஏன் பொருந்தாது என்பதை அவர் வினாவவில்லை.

விண்டோஸ் 11 வேண்டுவன முக்கியமாக மூன்று: யூ.ஈ.எவ்.ஐ. என்னும் புதிய தொடக்க முறை, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு, அங்கீகரிக்கப்பட்ட செயலி. இன்ரெல் செயலிகளுள் 2017இன் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறையும் அதற்குப் பின்னையனவுமே பொதுவாக ஏற்கப்படும். பொறுப்பாசிரியரும் மாணவர் இருவரும் யானும் இரு சனிக்கிழமைகள் இருந்து ஒவ்வொரு கணினியின் தொடக்க அமைப்பையுந் திறந்து நோக்கினோம். பன்னிரண்டு கணினிகளிற் செயலி தகுதியுடையதே. பாதுகாப்புக் கூறும் உள்ளே இருந்தது, அணைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. இன்ரெல் கணினிகளில் அது பி.ரி.ரி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி. கணினிகளில் எவ்.ரி.பி.எம். என்ற பெயரிலும் மறைந்திருக்கும். பெயர் வேறாதலின் அறியாதார் கடந்துபோவர்.

இங்கே வரன்முறை பிறழலாகாது. பழைய தொடக்க முறையில் நிறுவப்பட்ட வன்தட்டுக்குப் பழைய வகைப் பிரிப்பே இருக்கும். அதனை மாற்றாது தொடக்க முறையை மாத்திரம் யூ.ஈ.எவ்.ஐ. ஆக்கினால் கணினி வன்தட்டைக் கண்டும் காணாதது போலிருக்கும். ஆதலின் முதலிற் கோப்புகளைப் படியெடுத்து, பின் விண்டோஸ் 10 தன்னுள்ளே வைத்திருக்கும் கருவியாற் பிரிப்பை மாற்றி, அதன் பின்னரே தொடக்க அமைப்பிற் கைவைத்தல் முறை. வன்தட்டு மறைகுறியிடப்பட்டிருப்பின் அதனை முன்னதாகவே இடைநிறுத்தி, மீட்புத் திறவையும் எழுதிக்கொள்க. இன்றேல் கணினி அத்திறவைக் கேட்டு நிற்கும். எம்மாணவருள் ஒருவன் ஆர்வ மிகுதியால் ஒரு கணினியில் முறையை முந்தி மாற்றிவிட்டுக் கண்கலங்கினான். பழையபடி மாற்றியதும் எல்லாம் மீண்டன. கோப்பொன்றும் அழியவில்லை.

மின்சாரம் நின்று மீண்டபின் கணினி என்செய்ய வேண்டும் என்று கேட்கும் தெரிவும் அங்குண்டு. எம்மூரில் மின்சாரம் மீளும்போது இரண்டொரு முறை வந்து வந்து போதல் வழக்கமாதலின், கூடத்துக் கணினிகள் அணைந்தே இருக்குமாறு வைத்தோம்.

பன்னிரண்டும் இப்போது விண்டோஸ் 11இல் இயங்குகின்றன. செயலி பழையதாகிய ஐந்தில் லினக்ஸ் நிறுவி, மூன்றை நூலகத்துக்கும் இரண்டைக் கீழ்வகுப்பினருக்கும் கொடுத்துள்ளோம். கணினிக்கு ஒரு பக்கமாகக் கொப்பியொன்றில் எல்லா அமைப்புகளையும் மாணவரே எழுதிவைத்துள்ளனர்.

பதினெட்டாம் பக்கம் மாத்திரம் வெறுமையாயுள்ளது. அக்கணினியின் தொடக்க அமைப்புக்கு யாரோ கடவுச்சொல் இட்டுள்ளனர். மின்கலத்தைக் கழற்றினால் அது மறைந்துவிடும் என்பது பழைய கணினிகளுக்கே பெரிதும் பொருந்தும். அலுவலகங்களுக்கெனச் செய்யப்பட்ட பிற்காலத்தன பலவற்றில் அது மின்கலத்தை நம்பாத நினைவகத்திற் பதிந்து கிடக்கும். கழற்றியும் பார்த்தோம். கரிய நிறமும் இடப்பக்கத்திற் சிறு கீறலும் உடைய அக்கணினியை அனுப்பிய அன்பர் இம்மலரை வாசிப்பாராயின், தமது பழைய அலுவலகத்தாரை வினாவி, அச்சொல்லைக் கல்லூரிக்கு எழுதி உதவுவாராக.