தேய்மானக் கணக்கு

கோத்தகிரியில் இருந்த பத்து வருஷமும் சைக்கிளுக்கு ஆன செலவை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். கவிதை எழுதுவதை விட்ட பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. மலைப்பாதைக்கென்று செய்த சைக்கிள்கள் மூன்று அடுத்தடுத்து என்னிடம் இருந்தன; மூன்றுக்கும் மூன்று விதமான பிரேக். எது சிக்கனம் என்று யாராவது கேட்டால் நோட்டைப் பிரித்துக் காட்டுவேன். காட்டுவதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலாவது, ரிம்மை இரு பக்கமும் ரப்பர் கட்டைகள் கவ்வும் வி-பிரேக். கட்டை ஜோடி 200 ரூபாய். எட்டு மாசம் வரும். இரண்டாவது, கம்பி இழுக்கும் டிஸ்க். பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பேட்தான் நகரும். மற்றது நின்ற இடத்தில் நிற்கும். தேயத் தேய நாம்தான் முடுக்க வேண்டும். மழையில் கம்பி துருவேறும். மூன்றாவது ஹைட்ராலிக். எண்ணெய் அழுத்தத்தில் பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து தேய்மானத்தை ஈடுகட்டும். ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், தேயிலைத் தோட்டத்துச் சேற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். உலோகப் பேட் உழைக்கும், ஈரத்தில் அலறும். எண்ணெயிலும் இரண்டு ஜாதி. டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதன் கொதிநிலை இறங்கும். அவ்வப்போது மாற்றியாக வேண்டும். மினரல் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை.

வருஷச் செலவு வி-பிரேக்குக்கு 700, கம்பி டிஸ்க்குக்கு 1,800, ஹைட்ராலிக்குக்கு டிஸ்க் தகடு மாற்றியதையும் சேர்த்து 2,200. கணக்கில் தவறில்லை என்றே நம்பினேன்.

2021-இல், மூன்று வருஷம் ஓட்டி மூலையில் நிறுத்தியிருந்த அந்த முதல் சைக்கிளை அக்காள் மகனுக்குக் கொடுக்க முடிவு செய்து கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ரிம்மின் பக்கவாட்டில் கட்டை விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "குழி விழுந்திருக்கு சார். மண்ணு கட்டையில ஏறி ரிம்ம அரைச்சிருக்கு. ரெண்டையும் மாத்திருங்க." ரிம், போக்ஸ் கம்பி, கோட்டம் எடுக்கும் கூலி எல்லாம் சேர்த்துச் சக்கரத்துக்கு 2,500. பழைய சைக்கிளுக்கு இவ்வளவா என்று தோன்றியது. புதுக் கட்டைகள் மட்டும் போடச் சொன்னேன். 400 ரூபாய். அன்றிரவே நோட்டில் எழுதினேன்.

பையன் அதிலேயே மேட்டுப்பாளையத்து வீட்டுக்குக் கிளம்பினான். 33 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். வழியெல்லாம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் இறங்க வேண்டும். ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரத்து ரிம் பக்கவாட்டில் பிளந்தது. உள்ளிருந்த காற்றழுத்தம் மெலிந்துபோன சுவரைப் பிய்த்துவிட்டது. டியூப் வெடித்து, சக்கரம் சிக்கிக்கொள்ள, அவன் தூக்கி எறியப்பட்டான். காறை எலும்பு முறிவு. தலைக்கவசம் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டாள்: "பிரேக்கெல்லாம் சரியாத்தானேடா இருந்துது?"

"சரியாத்தான் இருந்துது அக்கா" என்றேன்.

அது பொய் இல்லை. கட்டைகள் புதியவை, கடைசி வரைக்கும் பிடித்தன. அந்த உண்மையை நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது.

டிஸ்க்கில் தேய்வது பேட்டும் தகடும், சக்கரத்துக்குச் சேதமில்லை. வி-பிரேக்கில் சக்கரமேதான் பிரேக்கின் ஒரு பாதி. கட்டை எட்டு மாசம் வந்ததை நான் சிக்கனம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, மீதித் தேய்மானத்தை ரிம் ஏற்றுக்கொண்டிருந்தது. அது பில் அனுப்பவில்லை. ஆகவே நோட்டில் வரவில்லை.

பிறகு ஒருநாள் கணக்கைத் திருத்தினேன். இரண்டு ரிம்கள், மூன்று வருஷம் என்று வகுத்துச் சேர்த்தால் வி-பிரேக்குக்கு வருஷம் 2,400 வருகிறது. ஹைட்ராலிக்கைவிட 200 அதிகம்.

ஆஸ்பத்திரிச் செலவை இதில் சேர்க்கவில்லை. அதை அத்தான் கட்டினார்.