கைநாட்டு

உயில் என்பது உத்திர வீதிக்காரர்களும் சித்திரை வீதிக்காரர்களும் எழுதி வைப்பது என்றுதான் கொள்ளிடக் கரையோரம் இருக்கிற எங்கள் தெருவில் நினைப்பு. "நம்மகிட்ட எழுதி வைக்க என்ன இருக்கு?" என்பார்கள். இருக்கிறது தோழர்களே. மூன்று சென்ட் மனை இருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து வாங்கிய ஓய்வுப் பணம் இருக்கிறது. கொஞ்சமாக இருப்பதால் சண்டைதான் பெரிதாக வருகிறது.

என் பெரியம்மா துப்புரவுப் பணியாளராக இருந்தவர். சொந்தச் சம்பளத்தில் மூன்று சென்ட் வாங்கி இரண்டு அறை கட்டினார். பெரியப்பா முன்பே போய்விட்டார். இரண்டு பெண்கள், ஒரு பையன். கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் ஒரு தாளை எடுத்து வந்தார். இருபது ரூபாய் பத்திரத்தில் தட்டச்சு செய்த உயில். வீடு முழுவதும் மகனுக்கே. இரண்டு சாட்சிகளும் அண்ணனின் கூட்டாளிகள். அடியில் பெரியம்மாவின் இடதுகைப் பெருவிரல் ரேகை.

பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், நாற்பது வயதுக்கு மேல், தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அதன் பிறகு சம்பளமோ பென்ஷனோ எதையும் அவர் கைநாட்டு வைத்து வாங்கியதில்லை. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

தெருவில் இரண்டு கட்சி. "ரிஜிஸ்டர் ஆகாத உயில் செல்லாது" என்றது ஒன்று. "உயில் வந்துட்டா அவ்வளவுதான், பொண்ணுங்களுக்கு ஒன்னும் கிடையாது" என்றது இன்னொன்று. இரண்டுமே தப்பு. உயிலைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆவது பிரிவு, கேட்பது இதைத்தான்: எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, ரேகை இருப்பதாலேயே உயில் பொய்யாகிவிடாது. சாகும் தறுவாயில் கை நடுங்கியிருக்கலாம். ஆனால் அதை நிரூபிப்பது யார் வேலை? உயிலைக் கொண்டுவந்தவர் வேலை. சாட்சிகளில் ஒருவரையாவது அவர் கூண்டில் ஏற்ற வேண்டும். உயிலைச் சுற்றி சந்தேகம் இருந்தால் அதையும் அவரே போக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1958-இலேயே, வெங்கடாசல ஐயங்கார் வழக்கில், சொல்லிவிட்டது. உயில் நிற்கவில்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு.

அண்ணனுக்கும் இது யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த வாரமே பேச்சு மாறியது. "உங்களுக்குத்தான் நகை போட்டாச்சே, ஒரு விடுதலைப் பத்திரம் மட்டும் எழுதிக் குடுத்துருங்க." நல்ல உயில் கையில் இருப்பவருக்கு விடுதலைப் பத்திரம் எதற்கு? சின்ன அக்கா அழுதுகொண்டே சம்மதிக்கப் போனார். பெரிய அக்கா மறித்தார். அந்தப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்து பதிவாகியிருந்தால், உயில் பொய்யென்று பிறகு தெரிந்தாலும் அதை ரத்து செய்யத் தனியாக வழக்காடியிருக்க வேண்டும்.

வக்கீல் பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் அடுத்த கவலை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர். கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அக்காக்கள் ஒரு மனுவும் சாதிச் சான்றிதழ் நகலும் கொடுத்தார்கள். வழக்கறிஞர் கிடைத்தார், பாகப்பிரிவினை வழக்குப் பதிவானது. "இலவச வக்கீல் ஒழுங்கா வேலை பாப்பாரா?" என்று கேட்பவர்களுக்கு: பார்க்கவில்லையென்றால் மாற்றித் தரும்படி மனுக் கொடுக்கலாம். ஒரே எச்சரிக்கை, லோக் அதாலத்தில் சமரசம் என்று சொன்னால் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே முடிந்தால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நம் தேவாலயத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவேகூடச் சுவர் வைத்த ஊர் இது. ஆனால் 1950-ஆம் ஆண்டு ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதால், ஆண்கள் சாதியைச் சொல்லி இந்த உதவியைக் கேட்க முடியாது, வருமான வரம்புக்குள் வர வேண்டும். பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும்.

வழக்குப் போட்டதும் என்னைத் திட்டியவர்கள் வெளியாட்கள் இல்லை. "நம்ம ஆளுக்குள்ள எதுக்குத் தோழர் கோர்ட்டு? ஊரான் சிரிப்பான்" என்றார்கள், என்னோடு பஞ்சமி நில ஊர்வலத்தில் வந்தவர்கள். 1892-இல் கொடுத்த நிலம் எப்படிப் போனது என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு, இரண்டு பெண்களின் மூன்று சென்ட் போவது குடும்ப விஷயமாகத் தெரிகிறது. அம்பேத்கர் 1951-இல் மந்திரி பதவியை விட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டது. மகளுக்குச் சொத்தில் பங்கு தருவதும் அந்த மசோதாவில் இருந்தது. ஏப்ரல் 14-க்கு மாலை வாங்கும்போது இதையும் பேசலாம்.

வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் நிற்கிறது. பெரியம்மா கடைசி ஆண்டில் வங்கியில் பணம் எடுத்த சீட்டுகளை வரவழைக்க மனுப் போட்டிருக்கிறோம். உயிலில் போட்டிருக்கும் தேதிக்கு ஒன்பது நாள் கழித்து அவர் பென்ஷன் எடுத்திருக்கிறார், பாஸ்புக்கில் இருக்கிறது. அந்தச் சீட்டில் இருப்பது கையெழுத்தா ரேகையா என்று பார்க்கத்தான் அக்காக்கள் காத்திருக்கிறார்கள்.